அறிவைக் கொடுத்தவர்கள் கேளாத கேள்வி

தமிழ் படிப்பிக்கும் பண்டிதனுக்குத் திரைப்படத்தில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். மெய்ப்பாடு எட்டினையும் வகுப்பறையிலே முப்பது ஆண்டுகளாக விரித்துரைத்து வருபவன் யான். அவை உயிரோடு நடமாடும் இடம் எதுவாயினும் அங்கே சென்று காண்பதில் இழுக்கில்லை என்பது என் துணிபு. அண்மையில், ஆங்கிலம் கற்பிக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவர், தம் வீட்டுக் கணினித் திரையில் இரண்டு அமெரிக்கப் படங்களை எனக்குக் காட்டினார். ஒன்று 1968 இல் வெளிவந்த 'சார்ளி'. மற்றது 1990 இல் வெளிவந்த 'அவேக்கனிங்ஸ்', அதாவது 'விழிப்புகள்'. இரண்டும் விஞ்ஞானச் சோதனையைப் பற்றியவை. இரண்டிலும் காதல் உண்டு. இரண்டும் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

'சார்ளி' படத்துக்கு மூலம் டானியேல் கீஸ் என்பார் 1959 இல் எழுதிய 'அல்ஜெர்னனுக்கு மலர்கள்' என்னும் சிறுகதை. 1966 இல் அதனை அவர் நாவலாக விரித்தார். கீஸும் ஓர் ஆசிரியரே. மெல்லக் கற்போருக்கான வகுப்பிலிருந்த பையன் ஒருவன், தான் முயன்று படித்து அறிவாளியானால் மற்றவரோடு சேர்ந்து படிக்கலாமா என்று அவரை வினவினானாம். அந்த வினாவே கதைக்கு வித்தாயிற்று. முடிவை மகிழ்ச்சியாக மாற்றினால் வெளியிடலாம் என்று பத்திரிகாசிரியர் ஒருவர் கூறியபோது கீஸ் இசையவில்லை. கிளிஃப் ரொபேட்சன் என்ற நடிகர் 1961 இல் இப்பாத்திரத்தைத் தொலைக்காட்சி நாடகத்தில் ஏற்றவர். படமாக்கும் உரிமையைத் தாமே பெற்று, பின்னர் அதே வேடத்துக்காக ஒஸ்கார் பரிசும் வென்றார். படத்துக்கு இசை அமைத்தவர் நம் சித்தார் மேதை ரவிசங்கர் என்பது பலர் அறியாத செய்தி.

கதை இதுதான். சார்ளி கோர்டன் பொஸ்டன் நகரப் பேக்கரி ஒன்றில் தரை கூட்டுபவன். உடலால் ஆண்மகன், அறிவாற் சிறுபிள்ளை. உடன் வேலை செய்வோர் அவனைக் கேலி செய்ய, அவர்களை நண்பர் என்றே அவன் நம்புகிறான். இரவுப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்க முயல்கிறான். சத்திரசிகிச்சையால் அறிவூட்டப்பெற்ற அல்ஜெர்னன் என்னும் சுண்டெலியோடு புதிர்வழிப் போட்டியில் அவனை நிறுத்துகிறார்கள், எலி வெல்கிறது. பின்னர் அவனுக்கும் அதே சிகிச்சை நடக்கிறது. அறிவு பெருகுகிறது, பெருகிய அறிவோடு காதலும் முளைக்கிறது. தனக்கு எழுத்தறிவித்த ஆசிரியை அலிஸை அவன் நேசிக்கிறான். முதலில் மறுத்த அவளும் பின் இசைகிறாள். ஆனால் அல்ஜெர்னன் இறந்துபோகிறது. தன் அறிவும் வந்தவழியே போய்விடும் என்பதைச் சார்ளி அந்த அறிவைக்கொண்டே கண்டறிகிறான். மணம் புரிவோம் என்று அலிஸ் தானே வந்து கேட்கும்போது, போய்விடு என்கிறான். இறுதிக் காட்சியில் அவன் சிறுவரோடு விளையாடிக்கொண்டிருக்கிறான். அழுகையும் இளிவரலும் ஒருங்கே தோன்றும் இடம் அது.

இப்படத்தில் கொடியவர் எவருமில்லை. சார்ளி அறிவை விரும்பினான், வைத்தியர்கள் கொடுத்தார்கள். அப்படியாயின் குற்றம் யாது? நாசி வைத்தியர்களின் வழக்கு முடிவில், 1947 இல் வகுக்கப்பட்ட நியூரம்பேர்க் நெறிகள் பத்தினுள் முதலாவது, சோதனைக்கு உட்படுபவனது மனமுவந்த சம்மதம் இன்றியமையாதது என்கிறது; அவன் விளைவுகளை உணர்ந்து சம்மதிக்கவும் வேண்டும் என்கிறது. 1964 இல் உலக வைத்திய சங்கம் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனமும் இவ்வழியதே. இங்கேதான் முடிச்சு விழுகிறது. சிகிச்சைக்கு முந்திய சார்ளிக்கு அதன் விளைவை உணரும் ஆற்றல் இல்லை. உணர வல்லவன் சிகிச்சைக்குப் பிந்திய சார்ளி. அவனிடம் கேட்பதற்கோ காலம் கடந்துவிட்டது.

'விழிப்புகள்' இம்முடிச்சை வேறு வகையில் அணுகுகிறது. இது நிகழ்ந்த செய்தி. முதலாம் உலகப் போர்க் காலந்தொட்டு 1920கள் வரை பரவிய ஒருவகை உறக்க நோயினால் பலர் பல்லாண்டு சிலைபோற் கிடந்தனர். நியூயோர்க்கில் அத்தகையோருக்கு 1969 இல் எல்-டோப்பா என்னும் மருந்தைக் கொடுத்த ஒலிவர் சாக்ஸ் என்ற வைத்தியர், அவ்வனுபவத்தை 1973 இல் நூலாக்கினார். படத்தில் லெனாட் என்னும் நோயாளி பேச இயலாதவன். அவனுக்காகத் தாய் சம்மதிக்கிறாள். அவன் விழிக்கிறான். விழித்தவன் வேண்டுவது பெரிதன்று. தனியே வெளியே சென்று உலாவி வர வேண்டும் என்பதே. மருத்துவமனையார் மறுக்கின்றனர். உயிர்ப்பை மீட்டுக் கொடுத்தவர்கள் விருப்பத்தை மீட்டுக் கொடுக்கத் தயங்கினார்கள்.

பின்னர் உடல் நடுங்கித் துடிக்கத் தொடங்கும்போது, அத்துடிப்பைப் படம் பிடித்துக் கற்றுக்கொள்ளும்படி வைத்தியரிடம் லெனாட் தானே வற்புறுத்துகிறான். அக்கணத்தில் அவன் சோதனைப் பொருளல்லன், ஈபவன். நோயுற்ற தந்தையைப் பார்க்க வரும் போலா என்ற பெண்ணிடம் விடைபெறும் காட்சியும் மறக்கவொண்ணாதது. அவள் அவன் கைபற்றி மெல்ல ஆடுகிறாள். அவனது நடுக்கம் அடங்குகிறது. அவள் அவனிடமிருந்து எதையும் அறிந்துகொள்ள விரும்பவில்லை. மருந்துக்கும் அன்புக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

இவற்றை எழுதும் கை கூசுகிறது. நன்னூற் பாயிரம் மாணாக்கரை அன்னம் முதலாக உவமை கூறி வகுக்கும். ஓட்டைக் குடமாகிய இல்லிக்குடம் கடையருள் ஒன்று. பல்லாண்டுக்கு முன் என் வகுப்பின் பின்வாங்கில் ஒரு பையன் இருந்தான். அவனை இல்லிக்குடம் என்றே மதித்தேன். அவனையும் முன்னேற்றிக் காட்டுவேன் என்று எனக்கு ஒரு வீறு பிறந்தது. முன்வாங்குக்கு மாற்றினேன், மாலைதோறும் மறித்து வைத்துச் சூத்திரங்களை உருப்போடச் செய்தேன். பரிசளிப்பு விழாவிலே நாற்பது சூத்திரங்களைத் தடையின்றி ஒப்பித்தான். சபை கைதட்டியது; அவனுக்கன்று, எனக்கு. மறு ஆண்டு அவன் வேறு வகுப்புக்குப் போனான். எனக்கு வேறு பையன்கள் வந்தார்கள். சில மாதங்களில் அனைத்தையும் மறந்தான். முன்பு சிரித்துக்கொண்டு பின்வாங்கில் இருந்தவன், இப்போது நாணி அமர்ந்திருந்தான். பின்பு பள்ளிக்கே வரவில்லை. இல்லிக்குடத்தைக் கிளியாக்கினேன், அவ்வளவே. 'உனக்கு இது வேண்டுமா?' என்று ஒருநாளேனும் கேட்டேனல்லேன்.

ஆசிரியத் தோழர்களே, புதிய முறைகள் ஆண்டுதோறும் நம் வகுப்புக்கு வருகின்றன, வரட்டும். அவை முயன்று பார்க்கப்படுவது மனிதக் குழந்தைகள்மீது என்பதை மறவாதிருப்போம். மாணாக்கர்காள், வாய்ப்பு நேர்ந்தால் இவ்விரு படங்களையும் காணுங்கள். கண்டபின் விஞ்ஞானத்தை வெறுக்க வேண்டா. சார்ளி கற்க விழைந்தது மெய்; அவ்விழைவு தூயது. கொடுப்பவன் கொடுக்குமுன் ஒருகால் கேட்கவும், கொடுத்தபின் கைவிடாதிருக்கவும் வேண்டும். அந்தப் பையன் இன்று எங்கிருக்கிறான் என்று நான் அறியேன். இக்கட்டுரை அவன் கண்ணிற் படுமாயின், அன்று கேளாத கேள்வியை இன்று கேட்டதாக அவன் கொள்வானாக.