உடம்பு தேய்க்க எது நல்லது?

தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் வேலியோரமாக நடந்து சென்றால், பறிக்காமல் விட்டு முற்றிக் காய்ந்துபோன பீர்க்கங்காய் ஒன்றிரண்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றைப் பறித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே விதைகள் கலகலக்கும். மேல்தோலை உரித்து விதைகளைக் கொட்டிவிட்டால், கையில் மிஞ்சுவது ஒரு வலைக்கூடு. காய் பிஞ்சாக இருந்தபோது அதற்கு நீரும் உணவும் கொண்டுசென்ற குழாய்த் திசுக்கள்தாம் முற்றி நாராகி இப்படி நிற்கின்றன. நம் பாட்டிமார் இதைத்தான் உடம்பு தேய்க்க எடுத்துக்கொண்டார்கள். இன்று கடையில் நைலான் நாரும், குப்பியில் அடைத்த 'ஸ்க்ரப்' பசையும் கிடைக்கின்றன. செங்கல் துண்டால் முழங்கையைத் தேய்ப்பவர்களும் உண்டு. இவற்றில் எது நல்லது?

விடை சொல்வதற்கு முன், நாம் தேய்ப்பது எதை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் முன்கையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு முழுவதும் இறந்த உயிரணுக்களே! புறத்தோலின் அடித்தளத்தில் பிறக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல மேலேறி, தட்டையாகி, கெரட்டின் என்னும் புரதத்தால் நிரம்பி, இறந்து, கடைசியில் உதிர்ந்துவிடுகின்றன. இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. மேலே இறந்த அணுக்கள் பதினைந்து இருபது அடுக்குகளாகச் செங்கல் சுவர்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. செங்கற்களுக்கு இடையே சாந்து பூசினாற்போல் கொழுப்புப் பொருள்கள் இருக்கின்றன. உடம்பின் ஈரம் வெளியேறாமலும், வெளியிலுள்ள கிருமி உள்ளே நுழையாமலும் காப்பது இந்தச் சுவர்தான். ஆகவே 'இறந்த தோல்' என்றால் அழுக்கு என்று எண்ணிவிடக் கூடாது. உதிரவேண்டியது தானாகவே உதிரும். தேய்ப்பது அதற்கு ஒரு சிறு துணை, அவ்வளவே.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. தேய்த்துத் தேய்த்துக் குளித்தால் நிறம் வெளுக்கும் என்று நம்பி, கழுத்தையும் கைகளையும் சிவக்கச் சிவக்கத் தேய்க்கும் பிள்ளைகள் பலர். நிறம் எங்கே இருக்கிறது? மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் அணுக்கள் புறத்தோலின் அடித்தளத்தில் இருக்கின்றன. கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் அவற்றின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறு. மேலே தேய்ப்பதால் அடியிலுள்ள அந்தப் பட்டறை மூடப்படுவதில்லை. மாறாக, இடைவிடாத உராய்வால் தோல் மேலும் கறுக்கும்! நைலான் துண்டாலும் தூரிகையாலும் நெடுநாள் தேய்த்துவந்தவர்களின் முதுகிலும் தோளிலும் எலும்பு புடைத்த இடங்களிலும் கருந்திட்டுகள் தோன்றுவதை 1980களில் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். நம் நாட்டிலும் இது காணப்படுகிறது.

அப்படியிருந்தும் நாம் ஏன் அழுத்தித் தேய்க்கிறோம்? தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. பாறை பிளந்து எடுக்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பல ஊர்களில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதி. சோப்பு இவற்றோடு சேர்ந்தால் நுரைக்காமல், நீரில் கரையாத வெண்சாம்பல் நிறத் திரியாகிவிடும். அது தோலில் ஒட்டிக்கொண்டு வறட்சியும் அரிப்பும் தரும். அழுக்குப் போகவில்லை என்று நாம் இன்னும் தேய்ப்போம். சுவர் இன்னும் சிதையும். அரிப்பு இன்னும் கூடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பாதியளவு, ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் ஆழ்குழாய் நீரும் எடுங்கள். சோப்பைச் சீவி மழைநீரில் கரைத்து, அந்தக் கரைசலைப் பத்துப் பத்துச் சொட்டு விட்டு, மூடிக் குலுக்குங்கள். எதில் நுரை நிற்கிறது? எதில் திரிகிறது? பிறகு புட்டிகளைக் கழுவி, சோப்புக்குப் பதிலாகப் பூந்திக்கொட்டை ஊறிய நீரை விட்டுக் குலுக்குங்கள். கடின நீரிலும் நுரை வருவதைக் காண்பீர்கள். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் அரப்பிலும் உள்ள சப்போனின் என்னும் பொருளே இதற்குக் காரணம். அதன் மூலக்கூற்றின் ஒரு பகுதி நீரையும் மறுபகுதி எண்ணெயையும் நாடும். சோப்பும் இதே வழியில்தான் அழுக்கை அகற்றுகிறது. ஆனால் சப்போனின், கால்சியத்தோடு சேர்ந்து சோப்பைப்போல் திரிவதில்லை.

(தருமபுரி நீரில் புளோரைடு இருக்கிறதே, குளித்தால் கெடுதலா என்று சிலர் கேட்பதுண்டு. பல்லில் கறையும் எலும்பில் கேடும் வருவது, மிகையான புளோரைடு உள்ள நீரைக் குடிப்பதால்தான். தோல் வழியாக அது உள்ளே செல்வது மிக அற்பம். 2013-இல் பயனுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமும் குடிநீரைப் பற்றியதே.)

ஒகேனக்கல்லுக்குச் சென்றிருந்தால், வருவோருக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் தொழிலாளர்களைக் கண்டிருப்பீர்கள். அதிலே நல்ல அறிவியல் இருக்கிறது. தோலில் ஒட்டிய பிசுபிசுப்பு நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஊறிய தோல் மெத்தென்று ஆகும். பிறகு அரப்புத் தூளைக் குழைத்துப் பூசினால் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து வந்துவிடும். அரப்பு என்பது உசில மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த தூள். வறண்ட கரட்டு நிலத்திலும் வளரும் மரம் அது. தூளை நன்றாகச் சலித்து எடுங்கள். கண்ணில் பட்டால் எரியும், கவனம்!

இனி, யாருக்கு எது? பாதத்தின் தோல் தடிப்பானது. முன்கைத் தோலைப்போல் பல மடங்கு. செருப்பின்றி வயலில் நடக்கும் குதிகாலை வெந்நீரில் ஊறவைத்து, எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்த நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம். வெடிப்பில் இரத்தம் கசிந்தால் தொடக் கூடாது. கை, கால், முதுகுக்குப் பீர்க்கங்கூடு போதும். நீரில் ஊறினால் அது மிருதுவாகும், வாரம் ஒருமுறை அல்லது இருமுறை பயன்படுத்தினால் ஆயிற்று. எண்ணெய்ப் பசை மிகுந்த தோலுக்குப் பாசிப்பயற்று மாவு பொருந்தும். வறண்ட தோலுக்கு எண்ணெய்க் குளியலும் வெறும் உள்ளங்கையும் போதும். முகத்தில் நாரே வேண்டாம். உங்கள் வயதில் வரும் பருக்கள் அழுக்கால் வருபவை அல்ல. தேய்த்தால் சிவந்து வீங்கித் தழும்பாகும். ஓட்டுத் துகள்கள் கலந்த பசைகளில் கூரிய முனைகள் இருக்கும். பிளாஸ்டிக் மணிகள் கலந்தவை சாக்கடை வழியே ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேருகின்றன. அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றி அவற்றைத் தடுத்தது. படர்தாமரை, இரவில் கூடும் அரிப்பு, மேல்கையில் முள்முள்ளாகச் சொரசொரப்பு இவையெல்லாம் தேய்த்துத் தீருபவை அல்ல. அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். சில சொரசொரப்புக்குச் சத்துக் குறைவும் காரணமாகலாம்.

பீர்க்கங்கூட்டுக்கும் ஒரு குறை உண்டு. 1994-இல் நியூயார்க் ஆய்வாளர்கள், ஈரமான பீர்க்கங்கூட்டில் நோய்க் கிருமிகள் செழித்து வளர்ந்து தோலுக்குத் தொற்றக்கூடும் என்று கண்டார்கள். ஆகவே குளியலறை மூலையில் ஈரத்தோடு போட்டுவைக்காதீர்கள். உதறி, வெயில் படும் கொடியில் தொங்கவிடுங்கள். ஒருவர் கூட்டை மற்றவர் எடுக்க வேண்டாம். மூன்று, நான்கு வாரம் ஆனதும் எருக்குழியில் போட்டுவிட்டு வேறொன்றை உரித்துக்கொள்ளலாம். கொட்டிய விதைகளை எடுத்து வைத்திருந்தால், ஆடி மழைக்கு வேலியோரம் ஊன்றுங்கள்.