நர்சு பரீட்சையில் ‘பெயிலா’? 45 நாள் இருக்கு, மனசை விட்டுடாதீங்க!

புவனகிரி, -

அமெரிக்க வேலைக்காக நர்சு பரீட்சை எழுதி, ஒரு தடவை கோட்டை விட்டவர்கள் வீட்டுக்குள் முடங்க வேண்டியதில்லை. 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். வருஷத்துக்கு 8 தடவை வரை எழுத பொது விதி இடம் கொடுக்கிறது. சில மாநிலங்கள் மட்டும் இதைவிடக் குறைவான வரம்பு வைத்திருக்கின்றன.

ஆனால் அந்த 45 நாளை மனசு தளராமல் ஓட்டுவதுதான் பெரும் பாடு!

புவனகிரி, சிதம்பரம் வட்டாரத்தில் நர்சிங் படித்த பெண் உள்ள வீடுகள் நிறைய. அண்ணாமலை நகரில் நர்சிங் கல்லூரி இருக்கிறது. முன்பு ராஜா முத்தையா ஆஸ்பத்திரி என்று இருந்த அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி வெள்ளாற்றுப் பாலம் தாண்டினால் புவனகிரி. டூட்டி முடிந்து ராத்திரி பஸ்சில் வந்து இறங்கி, சாப்பிட்டு, அதற்கு மேல் புத்தகத்தைத் திறக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை இங்கே.

இது என்ன பரீட்சை?

நம் ஊரில் நர்சிங் படிப்பில் பாசானால், சென்னையில் உள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து வேலை பார்க்கலாம். லைசென்சுக்கு என்று தனிப் பரீட்சை கிடையாது.

அமெரிக்காவில் அந்தக் கதை நடக்காது. ‘என்கிளெக்ஸ்’ என்ற பரீட்சையில் தேறினால்தான் லைசென்சு. கம்ப்யூட்டர் முன் 5 மணி நேரம் வரை உட்கார வேண்டும். 85 கேள்விக்குக் குறையாது, 150-ஐத் தாண்டாது.

சென்னையிலேயே எழுதலாம். கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுத மேலும் 150 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 30 ஆயிரம் ரூபாய். மறுபடி எழுதினால் மறுபடி கட்ட வேண்டும். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போவது இந்த இடத்தில்தான்.

எல்லாருக்கும் கஷ்டம்தான்

“கேள்வி எல்லாமே கஷ்டம், எனக்கு ஒண்ணுமே தெரியலை” என்று அழுகிறவர்கள் உண்டு. அந்தப் பரீட்சையின் அமைப்பே அப்படி! சரியாகப் பதில் சொன்னால் கம்ப்யூட்டர் அடுத்ததைக் கடினமாகக் கொடுக்கும். தப்பாகச் சொன்னால் கொஞ்சம் இறங்கி வரும். 1994-ல் இருந்து இதுதான் முறை. கெட்டிக்காரப் பெண்ணும் ஏறக்குறைய பாதிக் கேள்விகளில் தப்பு விடுவாள்.

85-வது கேள்வியோடு கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் பெயில் என்று நினைப்பதும் தப்பு. பாசானவர்களுக்கும் அப்படி நிற்கும்.

பெயில் தாளைத் தூக்கிப் போடாதீங்க

தவறியவர்களுக்கு ஒரு அறிக்கை வரும். எந்தப் பிரிவில் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, எதில் கிட்டத்தில், எதில் கீழே என்று அதில் இருக்கும். பாசானவர்களுக்கு இது கிடைக்காது. பலர் அழுதுவிட்டு அதை மூடி வைத்துவிடுகிறார்கள். மறுபடி படிக்க முதல் புத்தகமே அதுதான்.

உதாரணத்துக்கு ஒன்று. நாலு நோயாளிகள். ஒருவருக்குக் கால் வலி. ஒருவருக்கு லேசான காய்ச்சல். ஒருவர் வீட்டுக்குப் போக அவசரப்படுகிறார். ஒருவருக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது. முதலில் யாரைப் பார்ப்பீர்கள்? மூச்சு வாங்குகிறவரைத்தான். பாடத்தை வரி வரியாக ஒப்பிப்பதை விட, இந்த மாதிரி முடிவு எடுக்கத் தெரிகிறதா என்றுதான் அங்கே சோதிக்கிறார்கள்.

படித்ததையே படிப்பது வீண்

மறுபடி எழுதுகிறவர்களின் தேர்ச்சி விகிதம் முதல் தடவை எழுதுகிறவர்களை விடக் குறைவு. இது கசப்பான உண்மை. அதே நோட்டை அதே மாதிரி புரட்டினால், பலனும் அதே மாதிரிதான் இருக்கும்.

அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ஒன்று 2006-ல் வெளியானது. மாணவர்களில் ஒரு பிரிவு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு பிரிவு ஒரு தடவை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் இருந்து எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து சோதித்தார்கள். திரும்பப் படித்தவர்களுக்கு நினைவில் நின்றது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்!

தினக் கணக்கு

“மூடு வந்தா படிக்கலாம்” என்று காத்திருந்தால் 45 நாளும் போய்விடும். முதலில் பரீட்சைத் தேதியைக் குறியுங்கள். தினம் 25 கேள்வி என்று வையுங்கள். நைட் டூட்டி என்றால் 10 போதும். ஆனால் ஒரு நாளும் ‘பூஜ்யம்’ கூடாது.

தப்பான பதிலுக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். ஏன் தப்பு என்று ஒரே வரி. அதை பஸ்சில் புரட்டலாம்.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்காதீர்கள். மறுநாள் வார்டில் மருந்து கொடுக்கும் கை அது!

பிலிப்பைன்சில் பாசானவர்களும் எழுதினார்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2006 ஜூன் மாதம் நர்சு லைசென்சு பரீட்சைக் கேள்விகள் முன்கூட்டியே கசிந்துவிட்டன. ஒழுங்காகப் படித்துப் பாசானவர்களும் இதில் மாட்டிக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட 2 தாள்களையும் மறுபடி எழுதித் தேறினால்தான் விசாவுக்கான சான்று தருவோம் என்று 2007 பிப்ரவரியில் அமெரிக்க அமைப்பு ஒன்று அறிவித்தது. தங்கள் மேல் குற்றமே இல்லாமல் ஏராளமான நர்சுகள் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். இரண்டாவது தடவை எழுதுவதில் வெட்கம் எதற்கு?

வீட்டில் இருக்கிறவங்களுக்கு

“என்னம்மா, இன்னும் பாசாகலையா?” என்று மாமாவும் கேட்பார், எதிர்வீட்டு அத்தையும் கேட்பார். தேதியை இரண்டு பேருக்கு மேல் சொல்லாமல் இருப்பது நல்லது. கல்யாணப் பேச்சை ஒன்றரை மாதம் தள்ளி வையுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் டி.வி.யை அணைத்து வையுங்கள். அந்தப் பெண்ணுக்கு இது பெரிய உதவி.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அந்தப் பரீட்சையில் தவறினாலும் நம் நர்சிங் கவுன்சில் பதிவு போய்விடாது. நாளைக் காலை 7 மணி டூட்டிக்குப் போகிறபோது அவர் நர்சுதான். அவரை நம்பி வார்டில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள்.