விற்ற பிறகு ஏறிய விலை

சாக்சனி மாநிலம் 2024 ஜூன், ஜூலையில், மூவி2கே திருட்டுப் படத் தள வழக்கில் கைப்பற்றிய ஏறத்தாழ 50,000 பிட்காயினை விற்று 264 கோடி யூரோ பெற்றது. டிசம்பரில் விலை 1,00,000 டாலரைத் தாண்டியதும் பலர் கேலி செய்தார்கள். நமக்கு அது சரியாகப் படவில்லை. சட்டென 10 சதவீதம் சரியக்கூடிய பொருளை வழக்கு முடியுமுன் விற்கச் சொல்வது சட்டம். பயமோ ஆசையோ அல்ல.

கிரிப்டோ சந்தை இரவிலும் மூடாது. தாதியரான நாம் இரவுப் பணியில், ஆபத்தான மருந்தின் அளவை இன்னொருவர் பார்த்தபின்தான் ஏற்றுகிறோம். அதே 3 மணிக்கு, படுக்கையில் சிவப்புக் கோட்டைப் பார்த்துப் பதறி விற்கிற தம்பிக்குப் பக்கத்தில் யாருமில்லை.

எவ்வளவு இறங்கினால் விற்பது, எவ்வளவு ஏறினால் போதும் என்பதை வாங்குமுன்பே பகலில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் காட்டுவோம். வாங்கிய தேதியையும் குறிப்போம்: ஜெர்மனியில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் தனிநபர் லாபத்துக்கு வருமான வரி கிடையாது.