வாகனமில்லா நாள்: நன்மையும் தீமையும்

உண்ணாதிருத்தல் இருவகைப்படும். உணவிருந்தும் மனமுவந்து உண்ணாதிருப்பது நோன்பு; உணவின்மையால் உண்ணாதிருப்பது பட்டினி. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே; பயனில் இரண்டும் வேறு. குறித்த நாளில் மோட்டார் வண்டிகளை வீதியினின்றும் விலக்கிவைக்கும் வழக்கத்தை ஆராயப் புகுவோர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

2022ஆம் ஆண்டில் இலங்கையர் கண்டது பட்டினியே. அந்நியச் செலாவணி வற்றியமையால் எண்ணெய் வாங்க வழியில்லாது போயிற்று. சூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. பாடசாலைகள் மூடப்பட்டன. ஆகஸ்டில் கியூஆர் அட்டை முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என அளந்து கொடுக்கப்பட்டது. சீனக்குடாவிலே 99 எண்ணெய்த் தாங்கிகளைக் கொண்டது நம் மாவட்டம். எனினும் இங்கும் மக்கள் வரிசையிற் காத்து நின்றனர். தாங்கி இருந்தாற் போதாது. அதை நிரப்பும் பொருள்வளமும் வேண்டும் என்பதை அன்று அறிந்தோம்.

இனி, நோன்பாக மேற்கொண்டோரைக் காண்போம். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்ப மறுத்தபோது, நெதர்லாந்து நவம்பர் 4 முதல் ஞாயிறுதோறும் கார் ஓட்டுவதைச் சில வாரங்கள் தடை செய்தது. இடரினாற் பிறந்த ஏற்பாடே எனினும், வெறுமையான பெருவீதிகளிலே மக்கள் துவிச்சக்கர வண்டியோட்டி மகிழ்ந்தனர். கொலம்பியாவின் தலைநகராகிய பொகோட்டா 2000ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கொரு வேலைநாளில் தனியார் கார்களை விலக்கி வருகின்றது. அவ்வாண்டிலேயே மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அதனை ஏற்றனர். யகார்த்தா நகரில் ஞாயிறு காலைகளில் நடுவீதி நடப்போர்க்கு உரியதாகின்றது. பொதுப் பேருந்துகள் மட்டும் அதிற் செல்கின்றன.

இவற்றால் விளையும் நன்மைகள் யாவை? அந்நேரத்திற்கேனும் புகையும் இரைச்சலும் குறைகின்றன. நடையும் மிதிவண்டியும் உடலுக்கு உறுதி தருகின்றன. எண்ணெய் முழுவதையும் கடல் கடந்து வாங்கும் நம் நாட்டில், மிச்சமாகும் ஒவ்வொரு லீற்றரும் செலாவணிச் சேமிப்பே. யாவற்றினும் மேலாக, வீதி வண்டியுடையோர்க்கு மட்டுமன்று, நடப்போர்க்கும் உரியது என்னும் உணர்வு பிறக்கின்றது.

தீமைகளையும் மறைத்தலாகாது. முச்சக்கர வண்டியோட்டி பிழைப்போனுக்கு ஒருநாட் கூலி போய்விடும். முதியோரும் நோயாளரும் அங்கவீனரும் அல்லலுறுவர். இன்று ஓடாத வண்டி நாளை ஓடுமாயின், ஆண்டுக் கணக்கிற் பெருங்குறைவு ஏற்படாது. மெக்சிக்கோ நகரம் 1989இல் இலக்கத்தகட்டின் இறுதி எண்ணைக்கொண்டு வாரத்தில் ஒருநாள் ஒவ்வொரு காரையும் தடுத்தது. வசதியுடையோர் பலர் இரண்டாவது கார் வாங்கினர். காற்றுத் தூய்மை அடைந்திலது என ஆய்வாளர் காட்டியுள்ளனர். மாற்று வழி காட்டாத தடை ஏழையை மட்டுமே தடுக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. கந்தளாய்க்கு இது பொருந்துமா? கொழும்புப் பக்கமிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ6 நெடுஞ்சாலை நம் ஊரினூடே செல்கின்றது. துறைமுகத்துச் சரக்கும், பெரிய வைத்தியசாலையை நாடும் நோயாளியும் அவ்வழியே போதல் வேண்டும். ஆதலின் அதனை அடைத்தல் அறிவுடைமையன்று. அறுவடைக் காலத்தில் நெல்லேற்றும் உழவு இயந்திரத்தை நிறுத்துதலும் தகாது. பெருநகரத்தின் ஏற்பாட்டை அவ்வாறே சிற்றூர்க்குப் பெயர்த்தல், பிறர் சட்டையை அளவு பாராது அணிதல் போலாம்.

எனினும் நமக்கென ஓர் அளவு உண்டு. மாதத்தில் ஒரு பாடசாலை நாளைத் தேர்ந்து, பாடசாலை வாயிலை அண்டிய உள்வீதியை மட்டும் காலையில் ஒரு மணிநேரமும் பிற்பகலில் ஒரு மணிநேரமும் தனியார் வண்டிகளுக்கு அடைக்கலாம். அம்புலன்சு வண்டிக்கும், நடக்க இயலாதாரை ஏற்றிவரும் வண்டிக்கும் தடையில்லை. தொலைவிலுள்ள பிள்ளைகள் வழக்கம்போற் பேருந்தில் வருவர். அயலிலுள்ளோர் நடந்தோ மிதித்தோ வருவர். பரீட்சை நாளும் அடைமழை நாளும் விலக்காகும். இதனால் எவர் பிழைப்பும் கெடாது.

பெறுவது யாது? மிதிவண்டியில் வரும் பிள்ளை, பின்னாலிருந்து ஊதும் ஒலிக்கு அஞ்சி வீதியோரப் பள்ளத்தில் இறங்கவேண்டியதில்லை. அப்பிள்ளை அச்சமின்றி வாயிலை அடையும் அவ்வொரு நாள், ஏனைய நாள்களில் அவ்வழி எத்துணை இடர் உடையது என்பதைப் பெற்றோர்க்கும் பிரதேச சபையார்க்கும் உணர்த்தும். நடைபாதை வேண்டும், வேகத்தடை வேண்டும் என்னும் குரல் அங்கிருந்தே எழும். ஒருநாள் நோன்பு ஏனைய நாள்களின் உணவைச் செம்மை செய்வதுபோல், இந்நாளும் ஏனைய நாள்களைத் திருத்துமாயின், அதுவே அதன் மெய்ப்பயன்.

கல்லூரியின் பழைய மாணவரிற் பலர் இன்று வண்டியுடையோர். முன்னர் நடந்தும் மிதித்தும் வந்தோர். இந்நோன்பைத் தொடங்குதற்கு அவர்களே உரியர். பட்டினி மீண்டும் வருமுன் நோன்பு பழகுதல் நன்று.