தொழிற்கல்வி மாணாக்கரும் ஆங்கில வாசிப்புச் சோதனையும்

வாசித்தல் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிற் பொருள் பல. வீணையை வாசிக்கின்றோம், கடிதத்தை வாசிக்கின்றோம், சபையில் எழுந்து நின்று அறிக்கையை வாசிக்கின்றோம். கடைசியிற் கூறிய வாசிப்பில், வாசிப்பவர்க்குப் பொருள் விளங்கிற்றோ இல்லையோ, கேட்பவர்க்கு விளங்கினாற் போதும். ஆனால் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் தனியே நிற்கும் இளைஞன், அதன்மேல் ஒட்டியுள்ள ஆங்கில எச்சரிக்கையை வாசிக்கும்போது அங்கே கேட்பவர் எவருமிலர். அவனுக்குப் பொருள் விளங்காவிடின் அவ்வாசிப்பினாற் பயனில்லை. சிலபொழுது அவன் விரலுக்கே சேதம் நேரும். ஒலித்தலும் உணர்தலுமாகிய இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிச் சோதிப்பதனால், வாசிக்கத் தெரியாதவன் தேறிவிடுவதும் தெரிந்தவன் தவறிவிடுவதும் நம்மிடையே நிகழ்கின்றன. இஃது எவ்வாறு நேர்கின்றது, இதற்கு மாற்று யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சங்கரன்கோவில் வட்டாரத்து இளைஞரையே எடுத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்துள்ள இவ்வூர், ஆடித்தபசுக்குப் பெயர்பெற்றது போலவே விசைத்தறிக்கும் பெயர்பெற்றது. பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகளுள் ஒருசாரார் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும், இராஜபாளையம், திருநெல்வேலி முதலிய ஊர்களிலுள்ள பாலிடெக்னிக்குகளுக்கும் செல்கின்றனர். தமிழ்வழியிற் பயின்றவர் இவருட் பலர். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் என்னுந் தொழில்களைக் கைக்கொள்ளப்போகும் இவர்களுக்கு ஆங்கிலத்திற் சொற்பொழிவாற்ற வேண்டிய தேவை என்றேனும் வருமா என்பது ஐயம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதிய விளக்கச்சீட்டையும், மின்மோட்டாரின் தகட்டையும், நூற்பெட்டியின் முகப்பையும், வேலை விண்ணப்பத்தையும் வாசிக்க வேண்டிய தேவை நாடோறும் வரும்.

நம் நாட்டுக் கிராமப்புற இளைஞரின் நிலையை ஒருவாறு காட்டும் கணக்கு ஒன்றுண்டு. 'அசர்' என வழங்கும் ஆண்டறிக்கையார், 2023-ஆம் ஆண்டில் 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களில், 14 முதல் 18 வயது வரையுள்ளாரை வீடுதோறும் சென்று சோதித்தனர். எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க இயன்றவர் நூற்றுக்கு 57.3 பேர். இந்த எண்ணைக் கண்டு மகிழவோ வருந்தவோ தொடங்குமுன் அடுத்த எண்ணையும் நோக்குதல் வேண்டும். அங்ஙனம் வாசித்தவர்களுள், வாசித்ததன் பொருளைக் கூற இயன்றவர் நூற்றுக்கு 73.5 பேரே. இரண்டையும் பெருக்கிப் பார்ப்பின், மொத்த இளைஞருள் வாசித்துப் பொருளும் உணர்ந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் என்றாகின்றது. வாய்விட்டு வாசிக்கச் செய்வதோடு நின்றிருந்தால், ஐம்பத்தேழுக்கும் நாற்பத்திரண்டுக்கும் இடையிலுள்ள பதினைந்து பேரும் தேறியவராகவே எழுதப்பட்டிருப்பர். பொருள் கேட்கும் அந்த இரண்டாங் கேள்வியைச் சேர்த்தமையே அச்சோதனையின் சிறப்பு.

அப்பதினைந்து பேர் எங்கே இடறுகின்றனர்? எழுத்தில் அன்று; சொல்லிலும் வாக்கியத்திலும் ஆகும். 'கார்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் பிள்ளைகள் நன்கு அறிவர்; இரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி காட்டுபவர் கார்ட். பட்டறையிலோ அச்சொல் சுழலும் சக்கரத்தின்மேற் பொருத்தும் காப்புமூடியைக் குறிக்கும். 'கார்ட் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டாதே' என்ற ஆங்கில எச்சரிக்கையை வாசிக்கும் மாணவன், காவலாளி பக்கத்தில் இருக்கவேண்டும் என்று பொருள்கொள்ளக்கூடும். சாணைச் சக்கரத்தின் முன்னுள்ள தாங்குபலகைக்கு 'ரெஸ்ட்' என்பது பெயர். பள்ளியில் அவன் கற்ற 'ரெஸ்ட்' ஓய்வு. நம்மூர்த் தறிக்காரர் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுங் கூறலாம். நூற்பெட்டிகளில் 'லாட்' எண் குறித்திருக்கும். ஒரு லாட் நூலோடு வேறு லாட் நூலைக் கலந்து நெய்தால், சாயமிட்டபின் துணியில் பட்டை பட்டையாக நிறவேறுபாடு தோன்றும். ஆகையால் லாட்டுகளைக் கலவாதே என்று ஆங்கிலத்தில் எச்சரிப்பர். 'எ லாட்' என்றால் 'நிறைய' என்று மட்டும் படித்த மாணவன், அதனை 'அதிகமாகக் கலக்காதே' என்று கொள்வான். கொஞ்சமாகக் கலந்தும் விடுவான்.

இவ்வகைப் பிழை நம்மவர்க்கே உரியதென்று எண்ணற்க. அமெரிக்க உளநூலறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் என்பவர், 1917-ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகள் தம் தாய்மொழிப் பத்திகளை வாசித்து எழுதிய தவறான விடைகளைத் திரட்டி ஆராய்ந்தார். பத்தியிலுள்ள ஏதேனும் ஒரு சொல் பிள்ளையின் மனத்திற் பெரிதாக எழுந்து, ஏனைய சொற்களின் பொருளை அமுக்கிவிடுவதை அவர் கண்டார். சொற்களை எடைபோட்டு, வேண்டுவதைக் கொண்டு வேண்டாததை விலக்கி, ஒன்றோடொன்று பொருத்துவதே வாசிப்பாதலால், வாசிப்பு என்பது ஒருவகை ஆராய்ச்சியே என்பது அவர் முடிபு.

சொல் அனைத்தும் தெரிந்திருந்தும் வாக்கியம் பிடிபடாமற் போவதும் உண்டு. லேத் என்னும் கடைசல் இயந்திரத்திற் பொருளை இறுக்கிப் பிடிப்பது 'சக்'. அதனை முடுக்கும் சாவியை எடுக்காமல் இயந்திரத்தை இயக்கினால் சாவி தெறித்து எதிரிலுள்ளாரைத் தாக்கும். இதனைத் தமிழில் 'சாவியை எடுத்தபின் இயந்திரத்தை இயக்கு' என்போம்; முதலிற் செய்யவேண்டியது முதலில் நிற்கின்றது. ஆங்கிலத்திலோ 'இயக்குக இயந்திரத்தை, எடுத்த பின்னரே சாவியை' என்னும் வைப்புமுறையில் வாக்கியம் அமைதல் இயல்பு. இடையில் நிற்கும் 'ஆஃப்டர்' என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு வரிசையைத் திருப்பி உணரவேண்டும். சொற்களை மட்டும் வரிசையாகப் பொறுக்கும் மாணவன் முதலில் இயக்கிவிட்டுப் பிறகு சாவியைத் தேடுவான். 'பிஃபோர்', 'அன்லெஸ்', 'அன்டில்' முதலிய சிறு சொற்களின் கடுமையும் இத்தகையதே. நம் பாடநூல்கள் அருஞ்சொற்பட்டியலிற் காட்டுவன நீண்ட பெயர்ச்சொற்களையே. ஆளை வீழ்த்துவனவோ இச்சிறு சொற்கள்.

இனி, நம் பரீட்சைகள் இவற்றை வெளிப்படுத்துகின்றனவா என்று பார்ப்போம். வகுப்பில் நடத்திய பத்தியையே பரீட்சையிலும் கொடுத்து வினாவினால், விடை நினைவிலிருந்து வரும், வாசிப்பிலிருந்து வாராது. புதிய பத்தி கொடுத்தாலும் வினா பழுதாயிருப்பின் பயனில்லை. கீழ்வரும் வாக்கியத்தைப் பாருங்கள்: 'ஒரு டோபல் தன் கிரிமனை மசுவில் ஸ்னிபித்தது.' டோபல் எதனை ஸ்னிபித்தது? கிரிமனை. எங்கே ஸ்னிபித்தது? மசுவில். இரண்டு விடையும் சரி. இரண்டு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் டோபல் விலங்கோ பறவையோ, ஸ்னிபித்தல் நன்மையோ தீமையோ, வாக்கியத்தை எழுதிய நாமும் அறியோம். வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அதற்கு அடுத்த சொல்லைப் பெயர்த்தெழுதும் இவ்வித்தையில் நம் மாணாக்கர் தேர்ந்தவர்; பல வினாத்தாள்கள் இதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை. நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் முறையிலோ, இருபது வினாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக ஐந்து சரியாய்விடும்.

வாசிப்பை முதன்மையாக வைத்து நம் நாட்டிற் சிந்தித்தவருள் மைக்கேல் வெஸ்ட் என்பவர் குறிப்பிடத்தக்கவர். டாக்கா நகரத்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராயிருந்த அவர், வங்காளப் பிள்ளைகளிடம் பரிசோதனைகள் நடத்தி, 1926-இல் 'பைலிங்குவலிசம்' என்னும் அறிக்கையை வெளியிட்டார். பள்ளியிற் சேரும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் இடையில் நின்றுவிடுகின்றனர். முழுப்படிப்பும் முடித்தாலன்றிப் பலன் தராத ஆங்கிலக் கல்வியால் அவர்களுக்கு யாது ஊதியம் என்று அவர் வினவினார். ஆயுள் இன்ஷூரன்ஸை இடையில் ஒப்படைப்போர்க்கு ஒரு 'சரண்டர்' தொகை கிடைப்பதுபோல, எந்த வகுப்பில் நின்றாலும் கையிற் கொண்டுசெல்லத்தக்க பயன் ஒன்று வேண்டும் என்றும், வாசிக்கும் ஆற்றலே அப்பயன் என்றும் அவர் வாதித்தார். புதிய சொற்களை அளவாகவும், இடைவெளிவிட்டும், திரும்பத் திரும்ப வருமாறும் அமைத்து அவர் இயற்றிய வாசக நூல்கள் பல நாடுகளிற் பரவின. இரண்டாயிரம் சொற்களைக் கொண்ட அவருடைய பொதுச்சொற்பட்டியல் 1953-இல் வெளிவந்தது. பேச்சைப் பின்தள்ளிவிட்டார் என்று அவரைக் குறை கூறினாருமுண்டு. எனினும் பத்தாம் வகுப்போடு பட்டறைக்குச் செல்லும் நம் பிள்ளையின் பக்கம் நின்று நோக்கின், அவர் வினா இன்றும் விடைபெறாமலே நிற்கின்றது.

சீன தேசத்தார் இதனை வேறொரு வழியில் அணுகியுள்ளனர். அங்கே பல்கலைக்கழக மாணவர்க்கு 1987 முதல் ஓர் ஆங்கிலத் தேர்வு நடைபெறுகின்றது. தொழிற்கல்லூரி மாணவரை அதனாலேயே அளப்பது பொருந்தாதென்று, அவர்க்கெனப் பயன்முறை ஆங்கிலத் தேர்வொன்றை 'ஏ', 'பி' என்னும் இரு நிலைகளில் அமைத்தனர். அறிவிப்பு, விளம்பரம், வணிகக் கடிதம், பொருள்களின் விளக்கச்சீட்டு முதலியன அதில் வாசிப்புக்கு இடமாகின்றன. பெருந்திரளானவர் எழுதுந் தேர்வாதலால் விடையைக் குறிக்கும் முறையே அதிலும் மிகுதி. ஆகவே மேற்கூறிய குறை முற்றும் நீங்கிவிட்டதென்று கூறவியலாது. ஆயினும் யாரைச் சோதிக்கின்றோமோ அவர் வாழ்க்கையில் வாசிப்பதையே சோதனைக்கு எடுத்தல் என்ற கொள்கை நன்று. நம் ஐ.டி.ஐ. மாணவனுக்கு டாஃபடில் மலரைப் பற்றிய பத்தியைக் கொடுத்து அவன் வாசிப்பை அளப்பானேன்?

கைப்பேசியைக் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துச் சொல்லிவிடுமே, இனி வாசிப்பு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். கைப்பேசி நல்ல துணைதான், வேண்டாமென்பார் யார்? ஆனால் பல பொருள் கொண்ட சொல்லுக்கு அது தரும் பொருள் இவ்விடத்துக்கு ஏற்குமா என்று தெளிபவன் வாசகனே; அத்தெளிவில்லாதான் கைப்பேசியையும் நம்பிக் கெடுவான்.

ஒரு கல்லூரியின் ஆங்கில ஆசிரியரும் பட்டறை ஆசிரியரும் ஒருங்கிருந்தால், செலவின்றி நல்ல சோதனை ஒன்றை ஆக்கிவிடலாம். பட்டறையில் கிடக்கும் உண்மையான சீட்டுகளுள், மாணாக்கர் முன் கண்டிராத ஆறேழைத் தெரிந்தெடுக்கவேண்டும். வினாக்களைத் தமிழில் அமைத்து, விடையையும் தமிழிற் கூறவிடுதல் நலம். இதனைச் சிலர் ஒப்புக்கொள்ளார். ஆங்கிலத் தேர்வில் தமிழா என்பர். ஆங்கிலத்தில் விடை எழுதச் சொல்லும்போது வாசிப்போடு எழுத்தாற்றலையும் சேர்த்தே அளக்கின்றோம் என்பதை அவர் நினையார். இஸ்ரேல் நாட்டறிஞர் எலானா ஷோஹமி 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அதே ஆங்கிலப் பத்திக்கு வினாவும் விடையும் தாய்மொழியில் அமைந்தபோது மாணவர் மிகுதியாகத் தேறினர். இயலுமிடத்து, சொல்லால் விடை கேளாமற் செயலால் விடை கேட்கலாம்: சீட்டைக் கொடுத்து, மின்னிணைப்பில்லாத இயந்திரத்தின்முன் நிறுத்தி, அதிற் கூறியபடி செய்துகாட்டச் சொன்னால், சாவியை முன் எடுக்கின்றானா பின் எடுக்கின்றானா என்பது கண்முன் தெரிந்துவிடும்.

வினாத்தாளையும் முதலிற் சோதித்தல் வேண்டும். சீட்டைக் காட்டாமல், வினாக்களை மட்டும் வேறு வகுப்பார் சிலரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் சரியாக விடையளித்த வினாக்கள் வாசிப்பைச் சோதிப்பனவல்ல, அவற்றை நீக்கிவிடலாம். இன்னும் எளிய முறையொன்றுண்டு. வில்சன் டெய்லர் என்பார் 1953-இல் வகுத்த வண்ணம், பத்தியில் ஐந்தாவது அல்லது ஏழாவது தோறும் வரும் சொல்லை அழித்துவிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லலாம். பொருள்வழிச் செல்பவனே 'ஆஃப்டர்' நிற்கவேண்டிய இடத்தில் 'ஆஃப்டர்' இடுவான். ஆனால் இதில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைத்தல் ஆகாது.

மற்றொன்று மறக்கற்பாலதன்று. ஒரு மாணவன் ஆங்கிலச் சீட்டில் இடறினால், குறை ஆங்கிலத்திலா, வாசிப்பிலேயேவா? சார்ல்ஸ் ஆல்டர்சன் என்னும் ஆங்கில அறிஞரும் 1984-இல் இவ்வினாவை எழுப்பினார். மேற்கூறிய 2023-ஆம் ஆண்டுச் சோதனையில், தத்தம் மொழியிலுள்ள இரண்டாம் வகுப்புப் பாடத்தையே தடையின்றி வாசிக்க இயலாதவர் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர். ஆகவே அதே சீட்டின் தமிழ் வடிவத்தையும் வேறொரு நாளிற் கொடுத்துப் பார்க்கவேண்டும். தமிழிற் செம்மையாய்ச் செய்து ஆங்கிலத்தில் தவறுபவனுக்கு வேண்டுவன சொல்லும் வாக்கிய அமைப்பும். தமிழிலும் தவறுபவனுக்கு ஆங்கில இலக்கணத்தை மேலும் மேலும் ஏற்றுவது, ஊற்றடைந்த கிணற்றுக்குப் புதுக் கயிறு வாங்குவது போலாம். இருவரும் ஒரே மதிப்பெண் பெற்றிருப்பர். அம்மதிப்பெண்ணைப் பார்த்து இருவரையும் ஒரே சிறப்பு வகுப்பில் உட்கார வைக்கின்றோம்.

இச்சோதனையை ஆண்டிறுதியில் நடத்துவதிற் பயனில்லை. மாணாக்கர் வந்து சேர்ந்த முதல் மாதத்திலேயே நடத்தவேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில், தலைக்குப் பத்து நிமிஷமாக, ஆறு மணி நாற்பது நிமிஷம் ஆகும். இரண்டு ஆசிரியர் பகிர்ந்துகொண்டால் ஒரே பிற்பகல். யார் எந்தச் சொல்லில் இடறினார், எந்த வாக்கியத்தில் வரிசையைத் திருப்பவில்லை என்பதைப் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டால், மறுநாட் பாடம் எங்கே தொடங்கவேண்டும் என்பது அக்குறிப்பிலேயே இருக்கும்.