பிக்கப் வாங்கும் முன் பாரத்தை நிறுத்துப் பாருங்கள்!

மாட்டு வண்டி ஓட்டிய நம் முன்னோர் இரண்டு சொற்களை ஓயாமல் சொல்வார்கள். ஒன்று முன்பாரம், மற்றொன்று பின்பாரம். மூட்டைகளை முன்புறமாக அடுக்கிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்புறமாக அடுக்கிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும். கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகவே நல்ல வண்டிக்காரர் பாரம் ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் சற்றுத் தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் முன்பாரம் இருந்தால்தான் மாட்டைப் பூட்டுவார்.

இந்தப் பழைய பாடம் இன்று நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? மாட்டுக்குப் பதிலாக டீசல் பிக்கப் வந்துவிட்டது. நுகத்தடிக்குப் பதிலாக இரும்புக் குண்டும் கொக்கியும் வந்துவிட்டன. பாரத்தின் விதி மட்டும் மாறவில்லை.

கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா வட்டாரத்தில் பால்மரமும் செம்பனையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களில் 55 வயதானதும் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. “அப்பா, ஒரு பிக்கப் எடுப்போம். பின்னால் டிரெய்லர் மாட்டினால் பிழைத்துக் கொள்ளலாம்” என்று மகன் சொல்கிறான். பெங்காலான் பாலாக், தஞ்சோங் பிடாரா கடற்கரைகளில் பலகார வண்டி போடலாம், படகு இழுக்கலாம், கல்யாணப் பந்தல் சாமான் ஏற்றலாம், வசதி கூடினால் காரவன் எனப்படும் இழுவை வீட்டைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றலாம். ஆசையில் தவறில்லை. ஆனால் ஓர் ஆயுள் உழைப்பின் சேமிப்பு அதில் இறங்குகிறது. குடும்பத்தின் உயிரும் அதில் ஏறுகிறது. ஆகவே வண்டியின் அழகைப் பார்ப்பதற்கு முன்பு கணக்கைப் பார்க்க வேண்டும்.

இழுவை வீடு பிறந்த கதை

வீட்டை வண்டியாக்கிக் கொண்டு போகும் வழக்கம் புதியதன்று. தமிழகத்துக் கிராமங்களில் கூண்டு வண்டி கட்டி, சட்டி பானையோடு திருவிழாவுக்குப் போய் மரத்தடியில் பொங்கித் தின்று வந்தார்கள். இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் 1885இல் உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்தார். அதை இரண்டு குதிரைகள் இழுத்தன. பிறகு மோட்டார் வந்தது, குதிரை போயிற்று. இன்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிக்கப் வண்டியின் பின்னால் காரவன் ஓடுவது அன்றாடக் காட்சி. நம் மலேசியாவில் அது அரிது. எனினும் பலகாரக் கடை டிரெய்லரானாலும் காரவனானாலும் இழுக்கும் முறை ஒன்றுதான்.

ஏன் டீசல்?

ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினை 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதில் தீப்பொறி கிடையாது. காற்றை மிக இறுக்கமாக அமுக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. இன்றைய டீசல் எஞ்சின் டர்போவின் துணையோடு குறைந்த சுற்றிலேயே மிகுந்த முறுக்கு விசை தருகிறது. டோயோட்டா ஹைலக்ஸின் 2.4 லிட்டர் எஞ்சினில் ஒரு வகை, நிமிடத்துக்கு 1,600 முதல் 2,000 சுற்றிலேயே 400 நியூட்டன் மீட்டர் விசை கொடுக்கிறது. பாரத்தோடு மேடேறும்போது எஞ்சின் அலறாமல் ஏறுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் செலவையும் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. 80 லிட்டர் தொட்டியை நிரப்ப 172 வெள்ளி கொடுத்தவர் மறுநாளே 268 வெள்ளி கொடுத்தார். தகுதியுள்ள வண்டிக்காரர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 வெள்ளி உதவித் தொகையை அரசாங்கம் அப்போது அறிவித்தது. உங்களுக்குத் தகுதி உண்டா என்பதை வண்டி எடுக்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். காரவன் போன்ற உயரமான டிரெய்லரை இழுத்தால் காற்று எதிர்க்கும். எண்ணெய்ச் செலவு பாதிக்கு மேல் கூடுவதும் உண்டு.

நான்கு எண்கள்

ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், ஃபோர்டு ரேஞ்சர், நிசான் நவரா எல்லாம் நம் சாலைகளில் ஓடுபவைதாம். “எது நல்லது?” என்று கேட்பதை விட “எது என் பாரத்துக்கு ஏற்றது?” என்று கேட்பதே புத்திசாலித்தனம். அதற்கு நான்கு எண்கள் தேவை. வண்டியின் காலி எடை ஒன்று. ஆளும் சாமானும் ஏறியபின் வண்டிக்கு அனுமதித்த முழு எடை இரண்டு. இழுக்க அனுமதித்த எடை மூன்று. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையின் எல்லை நான்கு. வண்டியின் கையேட்டிலும் தகட்டிலும் தேடுங்கள். அங்கே இல்லாத எண்ணை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே பெயர் கொண்ட வண்டிக்கு வேறு நாட்டில் அச்சிட்ட எண்ணை நம்பக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். ஒரு பிக்கப்பின் காலி எடை 2,050 கிலோ. இழுக்கும் எல்லை 3,500 கிலோ. சேர்ந்த எடையின் எல்லை 5,850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். “மூன்றரை டன் இழுக்கும்” என்று விளம்பரம் சொல்கிறது. உண்மையாகவே 3,500 கிலோவை மாட்டினால் என்ன மிஞ்சும்? 5,850இல் 3,500 போனால் 2,350. அதில் வண்டியின் காலி எடை 2,050 போனால் 300 கிலோ. ஆளுக்கு 65 கிலோ என்றால் ஐந்து பேருக்கு 325 கிலோ! சாமான் ஒன்றும் ஏற்றாமலே எல்லை தாண்டிவிட்டது. பார்த்தீர்களா, விளம்பரத்தின் ஒற்றை எண் எப்படி ஏமாற்றுகிறது என்று!

மயிலிறகாக இருந்தாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் அன்றே எச்சரித்தார். காரவனுக்குள் பாரம் கூடுவதும் மயிலிறகு போலத்தான். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. 14 கிலோ எரிவாயு அடைத்த தோம்பு, இரும்பின் எடையும் சேர்ந்து, ஏறக்குறைய இருமடங்காகும். அடுப்பு, மெத்தை, குளிர்பெட்டி, அரிசி மூட்டை என்று ஒவ்வொன்றாகச் சேரும். முதன்முதலில் இழுக்கப் போகும் குடும்பம், எல்லாம் ஏற்றிய பிறகும் 1,500 கிலோவைத் தாண்டாத டிரெய்லரோடு நிற்பது நல்லது. வண்டிக்கும் மூச்சு முட்டாது, உங்களுக்கும் முட்டாது.

எடை மேடை இருக்கப் பயமேன்?

பாரத்தை நிறுப்பது எப்படி? செம்பனை ஆலையின் எடை மேடையை நம் பிள்ளைகளும் அறிவார்கள். பழக்குலை லோரி பாரத்தோடு ஒரு முறையும் காலியாக ஒரு முறையும் ஏறும். கழித்தால் பழத்தின் எடை. அதே கணக்குதான் இங்கும். பொது எடை மேடையிலோ, அலுவலகத்தில் அனுமதி கேட்டு ஆலையிலோ நிறுக்கலாம்.

டிரெய்லரைக் கழற்றித் தனியாக மேடையில் நிறுத்துங்கள். 1,500 கிலோ காட்டுகிறது என்போம். பிறகு பிக்கப்பில் மாட்டி, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்துங்கள். இப்போது 1,350 கிலோ காட்டினால் மீதி 150 கிலோ கொக்கியின் மேல் இறங்குகிறது என்று பொருள். இதுவே முன்பாரம். டிரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு முன்பாரமாக இருப்பது நலம். அதற்கு மிகக் குறைந்தால் டிரெய்லர் பாம்பு போல வால் ஆட்டும். மிகக் கூடினால் பிக்கப்பின் பின்புறம் தாழ்ந்து முன் சக்கரம் இலேசாகும். ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காது. கனமான சாமானை டிரெய்லரின் அச்சுக்கு நேராகத் தாழ்வாக வைத்துக் கட்டுங்கள். கொக்கியில் இறங்கும் இந்தப் பாரம், பிக்கப் சுமக்கும் சுமையிலும் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

கையில் உள்ள பணத்துக்குப் பழைய வண்டிதான் கட்டுப்படியாகும் என்பவர்கள், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். வண்டிக்காரர் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப்புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கரும்புகை ஓயாமல் வந்தால் காற்றிலோ எண்ணெய் பீச்சும் கருவியிலோ கோளாறு இருக்கலாம்.

பழக்குலை ஏற்றிய வண்டியா என்று கேளுங்கள். ஸ்பிரிங் பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகியிருக்கும். பட்டை பொருந்தும் இடத்தில் சட்டம் விரிசல் கண்டிருக்கும். மீன் ஏற்றிய வண்டியா என்றும் கேளுங்கள். உப்புநீர் சொட்டிச் சொட்டி அடிச்சட்டத்தைத் துரு தின்றிருக்கும். மேலே புதுச் சாயம் பளபளக்கும். கீழே படுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். டிரெய்லரின் முழு இழுப்பும் அந்தச் சட்டத்தின் மேல்தான் விழுகிறது. ஆகவே நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் காட்டுவது வீண் செலவாகாது.

நான்கு சக்கர இழுப்பு வேண்டுமா? மணலிலும் சேற்றிலும் படகு இழுப்பவருக்கு வேண்டும். தார் சாலையோடு நிற்பவருக்கு இரு சக்கர இழுப்பே போதும். விலையும் எடையும் குறையும்.

என்னென்ன பூட்ட வேண்டும்?

முதலாவது, இழுவைச் சட்டம். இது வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். பம்பரில் ஒட்ட வைத்த கொக்கி உயிருக்கு உலை வைக்கும். கொக்கியின் கிண்ணமும் குண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, டிரெய்லருக்குச் சொந்த பிரேக். பாரத்தை இழுப்பது பெரிதன்று, நிறுத்துவதே பெரிது. ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். அந்த அளவை நாமும் மனத்தில் வைப்பது நல்லது. மின்சார பிரேக் என்றால் அதை அடக்கி ஆளும் கருவி ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிரெய்லர் தப்பித் தவறிக் கழன்றால் தானே பிரேக் பிடித்துக்கொள்ளும் அமைப்பும் வேண்டும்.

மூன்றாவது, இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள். இவற்றைக் கொக்கியின் அடியில் குறுக்காக மாட்டினால், கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

நான்காவது, பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு ஆகியவற்றுக்கான மின்கம்பி இணைப்பு. ஐந்தாவது, டிரெய்லரின் இருபுறமும் பின்னால் வருவதைக் காட்டும் நீண்ட கண்ணாடிகள். ஆறாவது, சுமைக்கு ஏற்ற டயர்கள், டிரெய்லருக்கென்று ஓர் உபரிச் சக்கரம், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கட்டைகள். ஆட்டோ கியர் வண்டியென்றால் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி பற்றியும் விசாரியுங்கள்.

இவற்றையெல்லாம் பூட்டுவதற்கு முன்பு சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போய், டிரெய்லரைப் பதிவு செய்யும் முறை, சோதனை, உங்கள் லைசென்ஸ் எதை ஓட்ட இடம் தருகிறது என்பதையெல்லாம் தெளிவாகக் கேட்டறியுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் டிரெய்லர் இழுக்கப் போவதை எழுத்தில் தெரிவியுங்கள். இதை மறைத்துவிட்டு விபத்து நேர்ந்த பிறகு அழுது பயனில்லை.

சாலையில் ஏறிய பிறகு

60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 90க்கு ஏறினால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு. ஆகவே முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விடுங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் எஞ்சின் பிடிப்போடு இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பதறி பிரேக்கை மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டியும் தப்ப முயலாதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். டிரெய்லர் பிரேக்குக்குக் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் மெல்லப் பிடியுங்கள்.

இன்னொன்று. லோரியின் பின்புறம் நின்று பள்ளிக்கும் திருவிழாவுக்கும் போய் வந்த தலைமுறை நாம். அந்தப் பழக்கத்தில், “பிள்ளைகள் காரவனுக்குள் படுத்து வரட்டுமே” என்று தோன்றும். கூடவே கூடாது! ஓடும் டிரெய்லருக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. பெரியவர்களும் பிள்ளைகளும் பிக்கப்பின் இருக்கையில் இடைவார் போட்டு உட்கார வேண்டும். இருக்கை ஐந்து என்றால் பயணமும் ஐவருக்குத்தான்.

தவணைக் கையெழுத்துப் போடும் முன் ஒரு மாலை நேரம் வீட்டில் எல்லாரும் உட்காருங்கள். ஒரு தாளில் அந்த நான்கு எண்களை எழுதுங்கள். பக்கத்தில் மாதத் தவணை, டீசல், காப்புறுதி, டயர்ச் செலவை எழுதுங்கள். டிரெய்லர் மாதத்தில் எத்தனை நாள் ஓடும், எவ்வளவு கொண்டுவரும் என்பதையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். அந்தக் கணக்கை வீட்டம்மாவிடம் கொடுங்கள். சம்பள நாளிலிருந்து அடுத்த சம்பள நாள்வரை குடும்பத்தை இழுத்து வந்தவர் அவர். பாரம் தாங்குமா தாங்காதா என்பதை அவர் சரியாகச் சொல்வார்.