ஏரிக்கரையில் ஒரு சிறு வீடு

ஏரிக்கரையில் வீடு கட்டுவோர், நீர்ப்பரப்பு முழுவதும் எப்பொழுதும் கண்ணிற் படவேண்டுமென்றே விழைவர். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே அவ்வாறு எண்ணினாரல்லர். தம் முதிய பெற்றோருக்காக 1923-24ஆம் ஆண்டுகளில், சுவிற்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையிலே, கோர்சோ என்னும் ஊரில் அவர் ஒரு சிறு வீடு அமைத்தார். அகலம் ஏறக்குறைய 4 மீற்றர்தான். ஏரியை நோக்கிய 11 மீற்றர் நீளச் சாளரமோ அச்சிறுமையை மறக்கச் செய்கிறது. கூரையிலே மண்பரப்பிப் புல் வளரவிட்டார். வெயிலும் குளிரும் உள்ளே தாக்காமைக்கு அஃது உதவும்.

தோட்டத்திலோ, ஏரியை மறைத்து மதில் எழுப்பினார்! ஓயாது விரிந்துகிடக்கும் காட்சி விரைவிற் சலித்துவிடும் என்பது அவர் கருத்து. மதிலின் சதுரத் திறப்பொன்றினூடே மட்டும் நீரும் மலையும் தெரியும். அருகே ஒரு மேசை. தந்தையார் 1926இல் காலமானார். தாயார் 1960 வரை அவ்வீட்டில் வாழ்ந்தார்.